வியர்க்கிறதா என்று முதலில் பாருங்கள்

மிருக வைத்தியர் பதில்கள்

கேள்வி: டொக்டர், என் மகளுக்குப் பதினான்கு வயது. கொழும்பில் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் இரண்டு வருடமாகப் பழகுகிறாள். நுவரெலியாவில் றேஸ் ஓடிய, தரோபிரெட் என்ற ஓட்ட இனக் குதிரை ஒன்று இனி ஓடாது என்பதால், நன்றாகப் பார்த்துக்கொள்ளும் வீடாக இருந்தால் காசு வாங்காமலே தருகிறேன் என்கிறார் அதன் சொந்தக்காரர். காயடித்த ஆண், ஆறு வயதாம். சாம்பல் நிறம், இப்போது ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கிறது. படத்தைப் பார்த்த நாளிலிருந்து பிள்ளைக்கு வேறு பேச்சில்லை. வத்தளையில் எங்களுக்கு இருபது பேர்ச் காணி சும்மா கிடக்கிறது. கொட்டில் போட்டு வளர்க்கலாமா? எடுக்கும்முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
— ஒரு தகப்பன், வத்தளை

பதில்: சொந்தக்காரரிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள். இந்தக் குதிரை எப்போதாவது கீழே வந்து, கொழும்பு வெக்கையில் வேலை செய்திருக்கிறதா? அப்போது அதற்கு வியர்த்ததா?

மற்றவர்கள் காலைப் பார், பல்லைப் பார் என்பார்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் நுவரெலியாவிலிருந்து இறக்கும் குதிரை என்றால் எனக்கு வியர்வைதான் முதற்கேள்வி. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, வருடச் சராசரி வெப்பம் 16 பாகை அளவில். கொழும்பில் அது 27, 28 பாகை. அதோடு கடற்காற்றின் ஈரமும் சேர்கிறது. குதிரை தன் உடல் சூட்டைப் பெரும்பாலும் வியர்த்துத்தான் இறக்குகிறது. வெக்கையும் ஈரமும் மிகுந்த ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் மெல்ல மெல்ல வேலையை நிறுத்திவிடும். குளிர் நாட்டிலிருந்து வந்தவைக்கும் வரும், இந்தப் பக்கத்திலேயே பிறந்தவைக்கும் வரும். வந்த கிழமையே தெரியாது. ஓரிரு மாதம் கழித்தும் தொடங்கலாம்.

கொழும்புக்குக் கொண்டுவந்த ஒரு சாம்பல் குதிரையைப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சளி, மூச்சு வாங்குகிறது என்றார்கள். காலைச் சவாரி முடிந்து அரை மணியாகியும் மூக்குத் துவாரங்கள் விரிந்தபடி இருந்தன, விலா அடித்துக்கொண்டிருந்தது. பிடரிமயிருக்கு அடியில் கையை விட்டேன், ஈரம் இருந்தது. சேணம் இருந்த இடத்திலும் ஈரம். கழுத்தின் பக்கமும் விலாவும் தொடையும் சுண்ணாம்புச் சுவர் மாதிரி உலர்ந்து கிடந்தன. அதைப் பார்த்துக்கொண்டிருந்த குதிரைக்காரர், பதுளைப் பக்கத்துப் பெரியவர், "டொக்டரம்மா, மேல இருந்தப்ப இவனுக்கு வேர்வை ஒழுகும். இங்க வந்து கொஞ்சம் கொஞ்சமா நின்னுபோச்சு" என்றார். வெப்பமானி 40.6 பாகை காட்டியது. ஓய்வில் நிற்கும் குதிரைக்கு 38.5க்கு மேல் போகக்கூடாது. நோயை முதலில் கண்டவர் அந்தப் பெரியவர்தான். உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருந்தோம். சூடு இறங்கியது, ஆனால் வியர்வை திரும்பவில்லை. அதை மீண்டும் மலைக்கே அனுப்பச் சொன்னேன், அனுப்பினார்கள். இதற்கு நிச்சயமாகக் குணமாக்கும் மருந்து கிடையாது. குளிர்ந்த இடம்தான் மருந்து.

ஆகவே குதிரையை உடனே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டாம். இரண்டு, மூன்று மாதம் பரீட்சார்த்தமாக வைத்திருப்பது என்று எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள். ஒத்துவராவிட்டால் அவரே திருப்பி எடுக்க வேண்டும். வெக்கை கூடிய மார்ச், ஏப்ரல் அதற்குள் வந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் கழுத்து, விலா, பின்தொடைகளுக்கு இடை ஆகிய மூன்று இடத்தையும் தொட்டுப் பார்த்து, மகள் ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். பத்து நிமிடம், இருபது நிமிடம் கழித்து மூச்சை எண்ணச் சொல்லுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 8 முதல் 16 வரை இருக்கும். கொழும்பில் அதைவிடச் சற்றுக் கூடலாம். அரை மணிக்குப் பிறகும் இறங்காமல் நின்றால் வைத்தியரைக் கூப்பிட வேண்டும்.

இனி இருபது பேர்ச். அது போதாது ஐயா. கொட்டிலுக்கு இடம் வரும்: பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி, உயர்ந்த கூரை, இரண்டு பக்கமும் காற்றோட்டம். ஆனால் குதிரை நடந்து திரிய ஏறக்குறைய ஒரு ஏக்கர், அதாவது 160 பேர்ச் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதோடு குதிரை கூட்டமாக வாழும் பிராணி. வத்தளையில் ஒரு மதிலுக்குள் தனியாகக் கட்டிவைத்தால் மரப்பலகையைக் கடித்துக் காற்றை விழுங்கும், அல்லது நின்ற இடத்திலேயே இடமும் வலமும் ஆடிக்கொண்டிருக்கும். றேஸ் லாயங்களில் வளர்ந்த குதிரைகளில் இந்தப் பழக்கங்கள் ஏற்கெனவே இருப்பதும் உண்டு. பார்க்கப் போகும்போது ஒரு மணி நேரம் கொட்டிலுக்கு எதிரே பேசாமல் உட்கார்ந்திருந்தால் தெரிந்துவிடும்.

"முந்தி கொழும்பில் எத்தனை றேஸ் குதிரை இருந்தது, இப்போது ஏன் முடியாது?" என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். உண்மைதான். கறுவாத்தோட்டத்து றேஸ் மைதானம் 1893இல் திறந்தது, இரண்டாம் உலகப் போரில் விமான ஓடுதளமாகவும் இருந்தது, 1950களில் அங்கே குதிரையோட்டம் நின்றது. அந்த நாளில் மைதானத்தோடு லாயங்களும் லாடம் அடிப்பவர்களும் பழகிய குதிரைக்காரர்களும் இருந்தார்கள். ஓட்டம் நின்றதோடு அந்த ஆட்களும் போய்விட்டார்கள். இன்று குதிரையைத் தெரிந்த கை பெரும்பாலும் நுவரெலியாவில்தான். கொழும்பில் என்றால், மகள் பழகும் பள்ளியிலேயே மாதக் கட்டணத்துக்கு ஒரு கொட்டில் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் இந்தக் குதிரையை எடுக்காதீர்கள் என்பதே என் முடிவான சொல்.

கொட்டில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சொல்கிறேன்.

தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். குதிரையில் அந்த மரியாதை வேண்டாம். சாம்பல் குதிரை ஆறு வயதில் இவ்வளவு வெளுத்திருப்பது நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்த வயதில் பல குதிரைகளுக்கு உடம்பில் வட்ட வட்டமான புள்ளிக்கோலம் இன்னும் மிஞ்சியிருக்கும். ஆகவே மேல் உதட்டைத் தூக்கி, முன்வரிசையின் கடைசிப் பல்லைப் பாருங்கள். ஈறிலிருந்து கீழ்நோக்கி ஒரு பழுப்பு நிறப் பள்ளக்கோடு தெரிந்தால் வயது பத்துக்கு மேல். கோடு பல்லின் பாதிவரை வந்திருந்தால் பதினைந்தை ஒட்டியது. ஆறு வயதுக் குதிரைக்கு அந்தக் கோடே இருக்காது. இது அண்ணளவான கணக்கு. பிறந்த திகதியை உறுதியாகச் சொல்வது அதன் கடவுச்சீட்டு என்ற அடையாளப் பத்திரமும், கழுத்தின் இடது பக்கம் உள்ளே வைக்கும் மைக்ரோசிப்பும்தான்.

அடுத்து வாலைத் தூக்குங்கள். பெரும்பாலும் சாம்பல் குதிரைக்கே வரும் ஒரு தொல்லை அங்கேதான் தொடங்கும். பதினைந்து வயதைக் கடந்த சாம்பல் குதிரைகளில் நூற்றுக்கு எழுபது, எண்பதுக்கு மெலனோமா என்ற கருங்கட்டிகள் வருகின்றன. வாலின் அடிப்பக்கம், மலவாயைச் சுற்றி, உதட்டு ஓரம், தாடைக்குப் பின்னால் காதுக்குக் கீழே உள்ள பள்ளம் ஆகிய இடங்களை விரலால் அழுத்திப் பாருங்கள். தோலுக்கு அடியில் மிளகு அளவில் கெட்டியாக உருளும். பெரும்பாலும் வருடக்கணக்கில் மெதுவாக வளரும், வலிக்காது. சில பிறகு கெட்ட குணம் காட்டி உள்ளுறுப்புகளுக்கும் பரவும். ஆறு வயதில் ஒரு சின்னக் கட்டி இருந்தால் அதற்காகவே குதிரையை மறுக்க வேண்டியதில்லை. சின்னதாக இருக்கும்போது வெட்டி எடுக்க முடியும். சாணம் போகும் வழியை அடைக்கும் இடத்திலோ கடிவாளம் உரசும் இடத்திலோ இருந்தால் யோசிக்க வேண்டும். அதன் வாழ்நாள் முழுவதும் இந்த இடங்களைத் தடவிப் பார்ப்பது உங்கள் வேலை என்பதைத் தெரிந்துகொண்டே எடுங்கள்.

கால். றேஸ் குதிரை ஓட்டத்திலிருந்து நிற்பதற்குப் பாதிக் காரணம் முன்கால்தான் என்று நினைத்துக்கொண்டே பாருங்கள். முழங்காலுக்குக் கீழே பின்புறம் ஓடும் தசைநாணை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து மேலிருந்து கீழே இழுங்கள். இடது காலையும் வலது காலையும் ஒப்பிடுங்கள். நாண் இறுகிய கயிறுபோல நேராக ஓட வேண்டும். ஒரு காலில் சூடு, தடிப்பு, வெளியே வளைந்த வீக்கம் இருந்தால் நாண் கிழிந்த கால். பழைய காயம் ஆறி, சூடு போய், ஸ்கான் படமும் நன்றாக இருந்தால் மெதுவான சவாரிக்கு அது போதும். புதிய காயம் என்றால் ஒரு வருடம் ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஏன் ஓட்டத்தை நிறுத்தினீர்கள்?" என்று நேராகவே கேளுங்கள். வேகம் போதவில்லை என்பது நல்ல பதில்.

இவ்வளவையும் நீங்களே பார்த்தாலும், குதிரை பார்த்துப் பழகிய மிருக வைத்தியர் ஒருவரை உங்கள் செலவில் கூட்டிக்கொண்டு போங்கள். இலங்கையில் மிருக வைத்தியம் படிப்பிப்பது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டும். அங்கே விசாரித்தால் குதிரையில் அனுபவமுள்ளவர் யார் என்று சொல்வார்கள். சொந்தக்காரரின் லாயத்துக்கு வழமையாக வரும் வைத்தியர் வேண்டாம். கெட்டித் தரையில் நேராகத் துள்ளுநடை ஓடவிட்டு, ஒவ்வொரு காலையும் மடக்கி ஒரு நிமிடம் பிடித்து விட்டு மறுபடி ஓடவிட்டு, இதயத்தையும் கண்ணையும் பார்த்து, அன்றைக்கே ஒரு குழாய் இரத்தமும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வலி மருந்து கொடுத்து நொண்டலை மறைத்திருந்தால் அதில் தெரியும்.

கொண்டுவரும் லொறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த வளைவுப் பாதையில் குதிரை தலையைத் தூக்கியபடியே ஐந்தாறு மணி நேரம் நின்றால் மூச்சுக்குழாயில் சேரும் அழுக்கு நுரையீரலுக்குள் இறங்கி, நிமோனியாவில் முடியலாம். கயிற்றை நீளமாகக் கட்டச் சொல்லுங்கள். வழியில் நிறுத்தி, தலையைக் கீழே இறக்கித் தண்ணீர் குடிக்க விட வேண்டும்.

தீனியில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு 8 முதல் 10 கிலோ உலர்ந்த புல் வேண்டும். பச்சைப் புல் என்றால் நீர்ச்சத்தைக் கணக்கிட்டு அதைப்போல சில மடங்கு. இங்கே கிடைப்பது கினிப்புல்லும் கோ-3 என்ற ஒட்டுப் புல்லும். மாட்டுக்கு அருமையான தீனி. ஆனால் இந்த வெப்பவலயப் புற்களில் ஒக்சலேட் கூட. அது கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. அதோடு அரிசித் தவிட்டை வாளி வாளியாகக் கொட்டினால் தவிட்டில் உள்ள பொஸ்பரஸ் இன்னும் கெடுக்கும். குதிரை தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை எடுக்கத் தொடங்கும். முகத்து எலும்பு வீங்கும், காரணம் தெரியாமல் கால் மாறி மாறி நொண்டும். புல்லைத் தேர்ந்து கொடுக்க வேண்டும், தவிட்டைக் குறைக்க வேண்டும், வைத்தியர் சொல்லும் அளவில் கல்சியம் சேர்க்க வேண்டும். கொள்ளு கொடுக்கலாம், ஊறவைத்து அவித்து, அளவாக. உப்புக்கட்டி எப்போதும் கொட்டிலில் தொங்க வேண்டும். தண்ணீர் நாளுக்கு 30 முதல் 50 லீற்றர், கொழும்பு வெக்கையில் அதற்கு மேலும் போகும்.

லாடக்காரர் நாலு முதல் ஆறு கிழமைக்கு ஒருமுறை வர வேண்டும். ஏர்ப்பு (டெட்டனஸ்) ஊசி, பூச்சி மருந்து, வருடம் ஒருமுறை பல் அராவுதல், இவை தவறக்கூடாது. மழைக்காலத்தில் குளம்பின் அடிப்பகுதி அழுகி நாறாமல் தினமும் சுரண்டிக் காயவைக்க வேண்டும். பக்கத்தில் மாட்டுப்பட்டி இருந்தால் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். மாட்டின் வயிற்றில் சாதுவாக வாழும் ஒரு நூற்புழுவை நுளம்பு குதிரைக்குக் கொண்டுவந்தால், அது முள்ளந்தண்டு நரம்பில் ஏறிப் பின்கால்களைத் தள்ளாட வைக்கும். இந்தியாவில் அதைக் கும்ரி என்கிறார்கள். நம் நாட்டு மாடுகளிலும் அந்தப் புழு உண்டு. சரியான இடைவெளியில் மருந்து கொடுத்துத் தடுக்கலாம், வந்தபின் மீட்பது கஷ்டம்.

இப்போது உங்கள் பிள்ளை. இரண்டு வருடம் பள்ளிக் குதிரையில் பழகிய பிள்ளைக்கு, றேஸ் ஓடிய தரோபிரெட் புதிய அனுபவம். கடிவாளத்தை இழுத்தால் நில் என்று பள்ளிக் குதிரைக்குத் தெரியும். ஓட்டக் குதிரை அந்த இழுவையில் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாகப் போகப் பழகியது. ஜொக்கியின் கால் மேலே சேணத்தோடு இருக்கும், ஆகவே விலாவில் கால் பட்டால் என்ன அர்த்தம் என்று அதற்குத் தெரியாது. ஏறும்போது அசையாமல் நிற்கவும் பழகியிராது. அது குணக்கேடு கிடையாது, யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் சில மாதம் ஓய்வு, பிறகு தரையில் நின்று பழக்குதல், பிறகு அனுபவமுள்ள ஒருவர் ஏறுதல், அதற்குப் பிறகு ஆசிரியர் பக்கத்தில் நிற்க உங்கள் மகள். ஒரு வருடம் ஆகும் என்று அவளிடம் இப்போதே சொல்லுங்கள். அந்த ஒரு வருடமும் அவள் அதைத் தேய்த்துக் குளிப்பாட்டி, குளம்பு சுரண்டி, வியர்வை பார்த்து எழுதுவாள். அதில் சலிக்காவிட்டால் அவளுக்குக் குதிரை வேண்டும்தான்.

இன்னொன்று. குதிரை இருபத்தைந்து, முப்பது வயதுவரை வாழும். ஓ.எல்., ஏ.எல். முடித்து அவள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனால் அதற்குப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் ஆகியிருக்கும். அந்த நாளில் யார் பார்ப்பது என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். பேசாமல் எடுத்த குதிரைகள்தான் கை மாறிக் கை மாறி, கடைசியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு வெயிலில் நிற்கின்றன. அவற்றின் முதுகுப் புண்ணுக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் நண்பர் ஒருவர் வாங்கப் பார்க்கும் தரோபிரெட், மூன்று வயதுப் படத்தில் ஏறக்குறையக் கறுப்பு. இப்போது வெண்சாம்பல். வேறு குதிரையைக் காட்டி ஏமாற்றுகிறார்களா? மாமா சுழி பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்கிறார். அதில் ஏதும் இருக்கிறதா?
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: நிறம் மாறியதை வைத்துச் சந்தேகப்பட வேண்டாம். சாம்பல் குதிரை பிறக்கும்போது கறுப்பாகவோ கபிலமாகவோ செம்மையாகவோதான் பிறக்கும். ஒவ்வொரு மயிர் மாற்றத்திலும் வெள்ளை கூடும். தோல் மட்டும் கறுப்பாகவே இருக்கும். மூக்கு நுனியையும் கண்ணோரத்தையும் பார்த்தால் தெரியும். இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2008இல் சுவீடன் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அது மேலோங்கும் மரபணு என்பதால், தாய் தகப்பன் இருவரில் ஒருவராவது சாம்பலாக இருந்தே ஆக வேண்டும். பத்திரத்தில் இரண்டு பேருமே கபிலம் அல்லது செம்மை என்று இருந்தால், அந்தப் பத்திரம் இந்தக் குதிரையுடையது அல்ல. ஏமாற்றைப் பிடிக்க இதைவிட இலகுவான வழி இல்லை.

தரோபிரெட்டில் சாம்பல் குறைவு, நூற்றுக்கு மூன்று அளவில்தான். அதனால் போலி என்று நினைக்காதீர்கள். 1913இல் ஓடிய ஏழு ஓட்டத்திலும் தோற்காத த டெட்ரார்க் சாம்பல்தான். 1989இல் செல்ட்டனம் கோல்ட் கப் வென்ற டெசர்ட் ஓர்க்கிட்டும் அப்படியே.

சுழியைப் பற்றி மாமா சொல்வதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் இருந்தால் யோகம், வேறு இடத்தில் இருந்தால் குடிக்கு ஆகாது என்பதற்கெல்லாம் குதிரையின் உடல்நலத்தோடு தொடர்பில்லை. ஆனால் சுழி இடம் மாறாது. அதனால்தான் தரோபிரெட்டின் கடவுச்சீட்டில் உடம்பின் வரைபடம் போட்டு, சுழி இருக்கும் இடமெல்லாம் குறித்திருப்பார்கள். சாம்பல் குதிரைக்கு இது மிகவும் முக்கியம். நெற்றி வெள்ளை, கால் வெள்ளை எல்லாம் வயதானதும் உடம்பு வெள்ளையோடு கலந்து மறைந்துவிடும், சுழி மிஞ்சும். மாமாவையே கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு கையில் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு, நெற்றி, கழுத்து, மார்பு என்று அவர் சுழியைக் காட்டக் காட்ட நீங்கள் சரிபாருங்கள். ஒன்று பிசகினாலும் மைக்ரோசிப் வாசிக்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

கேள்வி: தரோபிரெட் வாங்க வசதியில்லை. நெடுந்தீவுக் குதிரைக்குட்டி ஒன்றைக் கொண்டுவந்து தெஹிவளையில் வளர்க்க முடியுமா?
— மாணவன், தெஹிவளை

பதில்: முடியாது தம்பி. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து அந்தத் தீவில் தலைமுறை தலைமுறையாகக் காட்டுக்குதிரையாக வாழ்பவை அவை. பாதுகாக்கப்பட்டவை, பிடித்துவருவதற்கு உரியவை அல்ல. தாயிடமிருந்து பிரித்த குட்டி கொழும்பில் தப்பினாலே பெரிது. குதிரையோடு இருக்க ஆசை என்றால், பக்கத்துக் குதிரையேற்றப் பள்ளியில் சனி ஞாயிறு லாயம் கழுவ, தேய்க்க, தீனி வைக்க ஆள் தேவையா என்று போய்க் கேளுங்கள். காலை ஐந்தரைக்கே போய் நிற்க வேண்டியிருக்கும். முதலில் ஏர்ப்பு ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.